சிலிண்டரா, கரண்ட் அடுப்பா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் ராகுகாலம், கரிநாளுக்கு நடுவே பேனாவால் போட்ட வட்டம் ஒன்று இருக்கும். சிலிண்டர் மாட்டிய நாள் அது. நாலு பேர் சாப்பிடுகிற வீடு. காலையில் டிபன், மதியம் சோறு, குழம்பு, பொரியல், ராத்திரி தோசையோ உப்புமாவோ. ஒரு சிலிண்டர் 45 நாள் வரும். அடுத்த வட்டம் 38-ஆம் நாளிலேயே விழுந்துவிட்டால் அந்த மாதச் சம்பளத்தில் வேறு ஏதோ ஒன்று தள்ளிப்போகும். சின்னவளின் பள்ளிக்கூடச் செருப்பு அப்படி இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது.

2023 மார்ச்சில் 14.2 கிலோ சிலிண்டரின் சென்னை விலை 1118 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. திருச்சியில் எங்களுக்கு அதோடு இன்னும் கொஞ்சம் சேரும். அந்த மாதம்தான் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். "கரண்ட்ல சமைச்சா பாதிச் செலவுதாங்க" என்று வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவர் சொல்லியிருந்தார். அடுப்பு 2000 ரூபாய், அதற்கு ஏற்ற தட்டை அடிக் குக்கர் 1500. இரண்டு மாதம் கழித்து உட்கார்ந்து பார்த்தால் மிச்சம் ஒரு ரூபாய் இல்லை, கைப்பணம்தான் போயிருந்தது. அடுப்பைத் துடைத்து அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். அடுத்த வருஷம் வேறு வீட்டுக்குக் குடிபோனோம். அங்கே போய் அதே அடுப்பை இறக்கி அதே சாம்பாரை வைத்தபோது செலவு குறைந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே மாறியது ஒன்றுதான்: யூனிட்டுக்கு நான் கொடுத்த விலை. பழைய வீட்டில் நாங்கள் மாடிப் போர்ஷன். மொத்த வீட்டுக்கும் ஒரே இ.பி. இணைப்பு, எங்களுக்குச் சப்-மீட்டர். வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். அரசு தருகிற இலவச 100 யூனிட் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. புது வீட்டில் எங்களுக்கென்று தனி இணைப்பு, தனி கார்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷமும் 3500 ரூபாயும் ஆனது. இதைப் படிக்கிறவர்கள் அடுப்பு வாங்குவதற்கு முன்னாலேயே கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பத்து லிட்டர் தண்ணீரில் தொடங்குவோம். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இண்டக்‌ஷனில் இரண்டு இரண்டு லிட்டராகப் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மீட்டரில் ஒரு யூனிட் ஏறியது. ஏட்டுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. அறைச் சூட்டில் இருக்கிற பத்து லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 0.84 யூனிட் அளவு சூடு வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிற கரண்டில் 85 சதவீதம் போலப் பாத்திரத்துக்குப் போகிறது. ஆக ஒரு யூனிட்.

கேஸில் அதே பத்து லிட்டருக்கு எவ்வளவு போகும்? ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் அளவு சூடு அடங்கியிருக்கிறது. ஆனால் நல்ல அடுப்பிலேயே அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்தில் ஏறும். மீதி பாத்திரத்தைச் சுற்றி மேலே போய்ச் சமையலறையைச் சூடாக்கும். நம் வீட்டுப் பர்னர், நம் வீட்டுக் காற்று, நம் வீட்டு அவசரத்துக்கெல்லாம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அப்படிப் பார்த்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 110 கிராம் கேஸ் வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரை 110 கிராமாகப் பிரித்தால் கிட்டத்தட்ட 130 பங்கு வரும்.

இந்த 130 என்கிற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் வேண்டும். சிலிண்டர் விலை ஏறட்டும், இறங்கட்டும், அதை 130-ஆல் வகுத்தால் வருகிற தொகைதான் எல்லைக்கோடு. உங்கள் யூனிட் அதைவிட மலிவாகக் கிடைத்தால் கரண்ட் அடுப்பு லாபம், அதைவிட விலை என்றால் கேஸ் லாபம்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அதை 130-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 70 காசு. பழைய வீட்டில் நான் கொடுத்தது 9 ரூபாய். சிலிண்டர் உச்சத்தில் இருந்த 2023 மார்ச்சில்கூட எல்லைக்கோடு 8 ரூபாய் 60 காசுதான், அப்போதும் எனக்கு நஷ்டம். அதே வருஷம் ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் இன்னொரு 100 ரூபாயும் சிலிண்டரில் குறைந்தன. அந்த வீட்டிலேயே இருந்து இண்டக்‌ஷனில் சமைத்திருந்தால் நஷ்டம் கூடிக்கொண்டே போயிருக்கும். சப்-மீட்டருக்கு எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் என்று ஒரே விலையாகக் கொடுக்கிற வாடகைக் குடித்தனக்காரர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். உங்களுக்குக் கேஸ்தான். யார் என்ன சொன்னாலும் கேஸ்தான்.

தனி இணைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் நீளும், ஏனென்றால் அவர்களுக்கு யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில் வீட்டு இணைப்புக்காரர் கட்டுவது இப்படி: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35, இருநூறிலிருந்து நானூறு வரை 4.70, ஐந்நூறு வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் 8.40, அறுநூறுக்கு மேல் 9.45, இன்னும் மேலே போகப் போக இன்னும் அதிகம். கூடவே ஒரு பள்ளமும் உண்டு. மொத்தம் 500-க்குள் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த 2.35 சலுகை. 501 ஆனால் இரண்டாவது நூறுக்கும் 4.70 கட்ட வேண்டும். 500 யூனிட்டுக்கு 1805 ரூபாய் வருகிற பில், 510-க்கு 2124 ஆகிவிடும். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்!

அதனால் "எங்க வீட்டு கரண்ட் பில் சராசரியா யூனிட்டுக்கு மூணு ரூபாதான் வருது" என்று சொல்வதில் பயனில்லை. புதிதாக வருகிற அடுப்பு உங்கள் பில்லின் மேல் நுனியில்தான் போய் உட்காரும். அந்த நுனி யூனிட்டின் விலை என்ன என்பதுதான் கேள்வி.

எங்கள் புது வீட்டையே பாருங்கள். இண்டக்‌ஷன் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட். ஃபேன், லைட், டிவி, பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், வாரம் இரண்டு முறை கிரைண்டர். பில் 141 ரூபாய். 45 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும், அதாவது அந்த 868 ரூபாய் 50 காசு விலையில் 1158 ரூபாய். மொத்தச் சமையலையும் கரண்டுக்கு மாற்றினால் 173 யூனிட் கூடி மீட்டர் 333-க்குப் போகும். பில் 860. கூடுதல் 719 ரூபாய் கட்டி 1158 ரூபாய்ச் சிலிண்டரை மிச்சம் பிடிக்கலாம். லாபம் 439.

பாதிச் சமையலை மட்டும் மாற்றினால்? மீட்டர் 247, பில் 456. கூடுதல் 315, கேஸில் மிச்சம் 579. லாபம் 264. பாதி வேலைக்கு லாபத்தில் பாதிக்கும் மேலே வந்துவிடுகிறது, ஏனென்றால் மலிவான யூனிட்டுகள்தான் முதலில் தீரும். இதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் ஒரு அடுப்பு மட்டும் இருக்க வேண்டும் என்கிற எண்ணத்தையே விட்டேன்.

தம்பி வீட்டுக் கணக்கு வேறு. ஏ.சி. போட்ட பிறகு கோடையில் அவனுக்கு 450 யூனிட் ஓடுகிறது, பில் 1490. எங்களைப் பார்த்து அவனும் இண்டக்‌ஷன் வாங்குகிறேன் என்றான். "வேணாம்டா, மொதல்ல கார்ட எடுத்துட்டு வா" என்றேன். பாதிச் சமையலை மாற்றினால்கூட 537 ஆகும். 2351 ரூபாய் பில். கூடுதல் 861 கட்டி 579 ரூபாய்க் கேஸை மிச்சம் பிடிக்கிற கதை. கார்த்திகை முதல் மாசி வரை அவன் வீட்டு மீட்டர் இருநூறைத் தாண்டாது. அந்த மாதங்களில் இண்டக்‌ஷன், சித்திரை வைகாசியில் கேஸ் என்று அவனுக்குச் சொன்னேன். வருஷத்தில் நாலைந்து மாதத்துக்காக 3500 ரூபாய் முதல் போடுவதா என்று யோசித்து, இப்போதைக்கு வாங்காமல் விட்டிருக்கிறான். நல்ல முடிவுதான்.

உஜ்வாலா, அதாவது ஏழைக் குடும்பப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற கேஸ் இணைப்பு, வைத்திருப்பவர்களுக்கு எல்லைக்கோடே வேறு. 2023 அக்டோபரிலிருந்து அவர்களுக்குச் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வருகிறது. 868-ல் அதைக் கழித்து 130-ஆல் வகுத்தால் 4 ரூபாய் 40 காசுகூட வராது. இலவச நூறும் 2.35 நூறும் இருக்கிற வரை கரண்ட், அதற்கு மேல் போனால் கேஸ். மானியத்துக்கு வருஷத்துக்கு இத்தனை சிலிண்டர் என்று வரம்பு இருப்பதால், கரண்டில் கொஞ்சம் சமைத்து அந்த எண்ணிக்கைக்குள் வருஷத்தை ஓட்டிவிடுவதும் ஒரு கணக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு கீழ் வீட்டுப் பெரியம்மாவுடையது. தனியாக இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்தான் ஓடும். "நாப்பது யூனிட்ட ஒவ்வொரு தடவையும் சும்மா விடுறீங்களே பெரியம்மா" என்று கேட்டேன். "விடாம என்ன பண்ணச் சொல்ற? மிச்சத்துக்குக் காசா திருப்பிக் குடுக்கப் போறாங்க?" என்றார்கள். அந்த நாற்பது யூனிட் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு சிலிண்டர், 267 ரூபாய். முதியோர் ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அவர்களுக்கு இண்டக்‌ஷன் வேண்டாம், பட்டனும் சத்தமும் பழகாது. சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தார் மகன். சோறு, கஞ்சி, இட்லித் தட்டு வைத்து இட்லி, வெந்நீர் எல்லாம் அதில். சோறு வெந்ததும் சூடாக வைத்திருக்கிற நிலைக்கு அதுவே போய்விடும். அப்படியே விட்டால் அதற்கும் கரண்ட் போகும், உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இனிப் பணத்தை விட்டுச் சமையலுக்கு வருவோம். எந்த அடுப்பில் எது நன்றாக வரும் என்பது தெரியாமல் மாறினால் ஒரு வாரத்தில் வெறுத்துப்போய்ப் பழைய அடுப்புக்கே திரும்பிவிடுவோம்.

தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாமே இண்டக்‌ஷனில் அருமையாக வரும். வெந்நீர், பருப்பு, குக்கர் சோறு, சாம்பார், ரசம், சுண்டல் வேகவைப்பது, இட்லி. ஒரு லிட்டர் தண்ணீர் நாலு நிமிஷத்துக்குள் கொதித்துவிடும். கோடையில் சமையலறை வேகாமல் இருப்பது தனிச் சுகம். ஃபேன் போட்டுக்கொண்டு சமைக்கலாம், தீ அணையாது. பால் காய்ச்சும்போது மட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சூட்டைக் குறைத்து வைத்தால் பல அடுப்புகள் ஒரே சீராக எரியாமல் விட்டு விட்டு வேலை செய்யும், அடிப்பிடித்துவிடும்.

தோசை வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் வீட்டில் வரவில்லை. "நடுவுல கருகுது, ஓரத்துல மாவா நிக்குது. எனக்கு அந்த அடுப்பே போதும்மா" என்று அத்தை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சரிதான். அடியில் இருக்கிற சுருள் எவ்வளவு அகலமோ அவ்வளவு வட்டத்துக்குத்தான் சூடு. முப்பது வருஷம் பழகிய, நடுவில் லேசாகக் குழிந்த இரும்புத் தோசைக்கல் அதன்மேல் சரியாக உட்காரவும் செய்யாது. கத்தரிக்காய் சுட, அப்பளம் சுட, தாளிப்புக் கரண்டியில் கடுகு பொரிக்கத் தீ வேண்டும். மண்சட்டியும் கல்சட்டியும் அலுமினியமும் அதில் சூடே ஆகாது. எவர்சில்வரிலும் சிலது ஆகும், சிலது ஆகாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தப் பொம்மையை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். நச்சென்று ஒட்டினால் அந்தப் பாத்திரம் போதும். அடுப்பு வாங்குவதற்கு முன்னால் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் கவிழ்த்து இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் கடைக்காரர் தலையில் கட்டுகிற 'செட்' வாங்க வேண்டியதில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரத்துக்கும் ஆகும் என்று விற்கிற இன்ஃப்ராரெட் அடுப்பு தணல் மாதிரிச் சிவந்து எரியும். அதில் சூடு வீணாவது இண்டக்‌ஷனைவிட அதிகம், அணைத்த பிறகும் மேல்தட்டு நெடுநேரம் சுடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வயரிங் விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் போல இழுக்கும். மிக்ஸி போடுகிற சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் மாற்றுப்பின் போட்டுச் செருகினால் சுவிட்ச் போர்டு உருகும். பவர் பிளக் இல்லாத அடுப்படி என்றால் எலக்ட்ரீஷியன் கூலியையும் அடுப்பு விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்தச் செலவு கட்டாது என்றால் 700 வாட் ரைஸ் குக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குச் சாதாரண பிளக் போதும்.

விறகைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் என் அம்மா வீட்டில் தென்னை மட்டை, பாளை, சீமைக் கருவேல முள் எல்லாம் காசு கொடுக்காமல் கிடைக்கும். குளிக்க வெந்நீர், நெல் அவிக்க, மாட்டுக்குக் கூழ் காய்ச்ச எல்லாம் வாசல் பக்கத்து அடுப்பில்தான். திறந்த வெளியில் அது சரி. வீட்டுக்குள் புகை சூழ்ந்த அடுப்படியில் முப்பது வருஷம் சமைத்த அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்த காலத்தில்தான் அவர்கள் உள்ளே ஊதுகுழலைக் கீழே வைத்தார்கள். காசு மிச்சம் என்று யாரையும் திரும்ப அதற்குள் போகச் சொல்ல மாட்டேன். நகரத்தில் விறகைக் காசு கொடுத்து வாங்கி எரிப்பதில் மிச்சமும் இல்லை.

ஐந்து கிலோச் சிலிண்டர்களில் இரண்டு வகை உண்டு. வீட்டு இணைப்பில் வருவது ஒன்று, முகவரிச் சான்று இல்லாமல் பெட்ரோல் பங்கிலேயே வாங்கிக்கொள்ளக்கூடியது இன்னொன்று. இரண்டாவதில் கிலோவுக்கு விலை அதிகம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து ஒற்றை அறையில் தங்கியிருக்கிறவர்களுக்கு ஆறு மாதம் ஒப்பேற்ற உதவும், குடும்பத்துக்குக் கட்டாது. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்குக் கடையில் நிரப்பித் தருவதை மட்டும் எவ்வளவு மலிவு என்றாலும் வாங்காதீர்கள். அது உயிரோடு விளையாடுகிற வேலை.

இவ்வளவு நேரம் எந்த அடுப்பு என்று பேசினேன். எங்கள் வீட்டில் முதலில் காசை மிச்சப்படுத்திக் கொடுத்தது அடுப்பே இல்லை, ஒரு பழைய கம்பளி. இண்டக்‌ஷன் பரணில் கிடந்த மாதங்களில் ஆரம்பித்தது அது.

ரேஷன் புழுங்கலரிசி வேக நேரம் பிடிக்கும். அதை அரை மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டு நன்றாகத் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பானையைத் துணியால் சுற்றிக் கம்பளியால் மூடிக் கூடைக்குள் வைத்துவிடுவேன். ஒரு மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். வடித்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் விற்கிற தெர்மல் குக்கர் செய்வதும் இதே வேலைதான். உள்ளே பானை, வெளியே சூடு போகாத டப்பா. காசு இருந்தால் அது சுத்தம், சுலபம். இல்லாவிட்டால் கம்பளியும் கூடையும் போதும். கொதிக்கிற தண்ணீர் கொதித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தச் சூடு போகாமல் இருந்தாலே அரிசி வேகும். நாம் எரிக்கிற கேஸில் பெரும்பங்கு ஆவியாகக் கூரைக்குப் போகிறது என்பதை இதைச் செய்து பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

மற்றவை எல்லோர் வீட்டிலும் தெரிந்ததுதான், செய்யத்தான் மறக்கிறோம். கொண்டைக்கடலை, பட்டாணியை ராத்திரியே ஊறப்போடுவது. குக்கரில் அடியில் பருப்பு, மேலே அடுக்குப் பாத்திரத்தில் காய் என்று ஒரே விசிலில் இரண்டையும் முடிப்பது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைப்பது. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி விளிம்பில் நக்கினால் குறைத்துவிடுவது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை உடனே அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வெளியே வைப்பது. வாரத்தில் இரண்டு நாள் காலை அடுப்பே பற்றவைக்காமல் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். மாவடு வந்த பிறகு அவர்களே கேட்கிறார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து எங்கள் சிலிண்டரை 45 நாளிலிருந்து 56 நாளுக்குக் கொண்டுபோயின. 868 ரூபாய் விலையில் மாதம் 579 ஆக இருந்த செலவு 465 ஆகிறது. மாதம் 114 ரூபாய். கையிலிருந்து முதல் எதுவும் போடவில்லை. இண்டக்‌ஷன் முழு வீச்சில் எங்களுக்குத் தருகிற லாபத்தில் பாதிக்கும் மேல் இது. அதற்கு 3500 ரூபாய் முதல் போட்டு, ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தால்தான் போட்ட பணமே திரும்பும். கையில் பணம் இல்லாதவர்கள் அதனால் பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். முதலில் கம்பளி, அப்புறம் மீட்டர், அதன் பிறகு கடை என்று போங்கள்.

சிலிண்டரில் இன்னொரு சின்ன விஷயம். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேல் வளையத்திலேயே பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறைந்த எடை. கொண்டுவருகிறவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. "அண்ணே, ஒரு தடவ எடை போட்டுருவோம்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் அந்த 868 ரூபாய் விலையில் 61 ரூபாய், மூன்று நாள் சமையல்.

புதிதாக வீடு பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வாடகையைப் பேசும்போதே தனி இ.பி. இணைப்பா, சப்-மீட்டரா என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் ஓடுகிற குடும்பம் தனி கார்டில் 141 ரூபாய் கட்டும். ஒன்பது ரூபாய்ச் சப்-மீட்டரில் 1440 கட்டும். வாடகை மாதம் 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி கார்டு உள்ள வீடே மலிவு. பழைய வீட்டுக்குக் குடிபோன அன்று இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் அடுப்படி இப்போது இப்படி நடக்கிறது: காலை வெந்நீர், பருப்பு, சோறு, குழம்பு இண்டக்‌ஷனில். தோசையும் தாளிப்பும் பொரியலும் கேஸில், அத்தையின் கையில். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதால் சமையலும் சீக்கிரம் முடிகிறது. காலண்டரில் சிலிண்டர் வட்டத்தோடு இன்னொரு குறியும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பென்சிலில் எழுதுகிறோம். பெரியவள்தான் மாடிப்படி இறங்கிப் போய்ப் பார்த்து வருவாள். இந்தத் தடவை உறவுக்காரர்கள் பத்து நாள் வந்து தங்கியதில் ஏற்கெனவே 388 ஆகிவிட்டது. ரீடிங் எடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நானூறைத் தாண்டினால் யூனிட் 6.30, எங்கள் ஊர் சிலிண்டரோடு கிட்டத்தட்டச் சமம்தான். ஆனாலும் ஐந்நூறுப் பள்ளத்தின் பக்கம் போக எனக்கு விருப்பமில்லை. அதுவரை சாம்பாரும் அத்தையின் அடுப்பில்தான்.